வரங்காட்டியும்

திருமுக்கூடல்
2.9.2024

மகன் தினேஷ்குமாருக்கு, உன் நைனா வேதகிரி சொல்லச் சொல்ல எழுதியது.

எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. முழங்கால் மட்டும் அதன் இஷ்டத்துக்கு இருக்கிறது. உனக்கு அந்தப் பாலைவனத்துத் தண்ணீர் ஒத்துக்கொள்கிறதா என்று முதலில் எழுது.

இதை எழுதுகிறவர் நம் ஊர் தபாலாபீசுக்குப் புதிதாக வந்திருக்கும் தமிழ்ச்செல்வி அம்மா. தென்காசிப் பக்கத்துக்காரர். எனக்கு எழுத்து தெரியாது என்றதும் அவர்களே பேனாவைத் திறந்துவிட்டார்கள். நான் நம் பேச்சில் சொல்வதை நல்ல தமிழாக்கி எழுதுகிறார்கள். போனில் உன் குரல் கேட்கிறது, சொல் கேட்பதில்லை. கேட்ட வரைக்கும் சாப்ட்டியா, சாப்ட்டேன். அதற்கு மேல் இரண்டு பேருக்கும் வரவில்லை. அதனால் கடிதம்.

உன் அம்மா ஆதிலட்சுமி போய், வருகிற மாசிக்கு ஒரு வருஷம். அன்றைக்கு நீ வந்து சேர்வதற்குள் எடுத்துவிட்டோம். உன் சித்தப்பா மகன் கோபால் கொள்ளி வைத்தான். அதில் யார் மேலும் குற்றம் இல்லை. ஆனால் வருஷ தெவசத்துக்குப் பிள்ளை நீ உட்கார வேண்டும். வளர்பிறை தசமி, இங்கிலீஷுக்கு மார்ச் ஒன்பதாம் தேதி என்று ஐயர் பார்த்துச் சொன்னார். இப்போதே லீவு கேட்டு வை.

இன்னொன்று. உனக்கு இன்னா வேலை என்று டீக்கடையில் கேட்கிறார்கள். எண்ணெய்க் கிணறு என்கிறேன். அதில் இவன் இன்னா பண்றான் என்கிறார்கள். சொல்லத் தெரியவில்லை. விவரமாக எழுது.

நேரத்துக்குச் சாப்பிடு.
நைனா

*

பார்மேர் மாவட்டம், கேம்ப்
21.9.2024

நைனாவுக்கு தினேஷ்குமாரின் வணக்கம்.

உங்கள் கடிதம் வந்தது. உடம்பு நன்றாக இருக்கிறது. இங்கே காற்றில் ஈரமே இல்லை, சளிகூடப் பிடிப்பதில்லை. முழங்காலுக்குத் தைலம் தேய்க்கிறீர்களா, இல்லை பாட்டிலைப் பார்த்துக்கொண்டு இருக்கிறீர்களா?

வேலையைக் கேட்டீர்கள். ரொம்ப ஆழத்தில் ஒரு பாறை. அதற்குள் எண்ணெய் இருக்கிறது. குளம் போலத் தேங்கி இருக்காது. பாறையில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத துளைகளில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். மற்ற ஊர்களில் பாறை ஆற்று மணல் மாதிரி, துளை போட்டால் ஊறி வரும். இங்கே அம்மிக்கல் மாதிரி. ஆரம்பத்தில் கொஞ்சம் வந்தது, நின்றுவிட்டது. தண்ணீரை விட்டுத் தள்ளிப் பார்த்தார்கள். அந்தத் துளைக்குள் தண்ணீர் போகவில்லை.

அதனால் இப்போது காற்று விடப்போகிறோம். கார்பன் டை ஆக்சைடு. கோலி சோடாவில் இருப்பது. நாம் வெளியே விடும் மூச்சும் அதுதான். ஒரு பேக்டரிப் புகையிலிருந்து பிரித்து, குளிர வைத்து, தண்ணீர் போல ஆக்கி, டேங்கரில் வருகிறது. பம்ப் வைத்துக் கிணற்றுக்குள் அழுத்தும்போது குழாய் மேல் வெள்ளையாகப் பனி பிடிக்கும், சுற்றிலும் வெயில் கொளுத்தும். அழுத்தி முடித்ததும் கிணற்றின் வாயை மூடிவிடுவோம். வாரக்கணக்கில் தொடக்கூடாது. காற்று மெல்லப் பாறைக்குள் இறங்கி எண்ணெயோடு கலக்கும். எண்ணெய் உப்பும், இளகும். நானும் என்னோடு வேலை செய்கிற வேலூர்க்காரன் வசந்த்குமாரும் அதற்கு ஊறல் என்று பெயர் வைத்திருக்கிறோம். ஊறின பிறகு அதே வாயைத் திறப்போம். எண்ணெய் வந்தால் இந்த எண்ணெய் வயல் நிற்கும். வரவில்லை என்றால் மூடிவிடுவார்கள்.

தெவசம் பற்றி எழுதியிருந்தீர்கள். பார்க்கிறேன் நைனா.

கோபால் அண்ணனையும் சித்தியையும் கேட்டதாகச் சொல்லவும்.

தினேஷ்

*

திருமுக்கூடல்
15.10.2024

மகனுக்கு நைனா.

தைலம் தீர்ந்துவிட்டது, ஆகவே தேய்த்தேன் என்று அறியவும். நீயும் சுகமாக இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன்.

உன் கடிதத்தை தமிழ்ச்செல்வி அம்மா ஒரு தடவை படித்தார்கள். எனக்கு அது போதும். டீக்கடையில் அப்படியே சொன்னேன். ஊறல் என்றதும் சடையப்பன் கிளாஸைக் கீழே வைத்துவிட்டான். "இன்னா மாமா, உம் புள்ள அங்க ஊறல் போட்டுக்கினு கீறானா? எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா பதம் சொல்லி அனுப்பிருப்பனே."

"உன் பதம் தெரியாதா," என்றேன். "எமர்ஜென்சி வருஷம் நீ ஆத்து மணல்ல பொதச்ச பானைய வெள்ளம் தூக்கிக்கினு போயி, பழையசீவரத்து மீனுங்கோ ரெண்டு நாளு தள்ளாடிக்கினு கெடந்துச்சே."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் போலிருக்கிறது, கன்னம் இழுத்தது. உனக்குச் சாராய ஊறல் தெரியாது, நீ பிறப்பதற்கு முன்னால் போலீஸ் உடைத்துவிட்டது. இனிமேல் வேறு பெயர் வைத்துக்கொள்.

அந்தக் காற்று கனமானது, பள்ளத்தில் போய்த் தங்கும் என்று தமிழ்ச்செல்வி அம்மா சொன்னார்கள். பாழுங்கிணற்றில் தூர் வாரும்போது அரிக்கேனை இறக்கிப் பார்த்து, அணைந்தால் நாங்கள் இறங்க மாட்டோம். நீ பள்ளத்தில் இறங்குகிறாயா? இதற்கு மட்டும் தவறாமல் பதில் எழுது.

அமாவாசைக்கு அமாவாசை உன் அம்மாவுக்குப் படையல் கோபால்தான் வைக்கிறான். நீ வராவிட்டாலும் அவன் பார்த்துக்கொள்வான். மனதில் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே.

தபால் பை கட்டுகிற நேரம். இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.
நைனா

*

திருமுக்கூடல்
22.11.2024

தினேஷுக்கு,

சுகம்தானே. போன மாதம் போட்ட கடிதம் வந்ததா இல்லையா என்று தெரியவில்லை. பள்ளத்தைக் கேட்டிருந்தேன்.

இங்கே மழை. பாலாற்றில் தண்ணீர் வந்துவிட்டது. ஊர் முழுக்கப் பார்க்கப் போனது, என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். தண்ணீர் போய்க்கொண்டு இருந்தது. வந்துவிட்டேன். சாம்பாரில் உப்பு சரியாக இருக்கிறதா என்று கோபால் தினமும் கேட்கிறான். இருக்கும் என்கிறேன்.

ஒரு வரி எழுதினாலும் போதும்.
நைனா

*

பார்மேர் மாவட்டம், கேம்ப்
6.12.2024

மரியாதைக்குரிய நைனாவுக்கு,

இரண்டு கடிதங்களும் கிடைத்தன. நலமாக இருக்கிறேன். நீங்களும் அவ்வாறே இருக்க வேண்டும்.

கிணற்றைச் சுற்றிப் பள்ளம் உண்டு. இறங்குவதற்கு முன்னால் காற்றை அளந்து பார்ப்போம். சட்டையில் ஒரு கருவி மாட்டியிருக்கிறது, காற்று கெட்டால் கத்தும். பயப்பட வேண்டாம்.

ஜனவரிக் கடைசியில் காற்று அழுத்த ஆரம்பிக்கிறார்கள். மார்ச் முதல் வாரத்தில் திறக்கிறோம். திறக்கிற ஷிப்ட் எனக்கு. அதனால் தெவசத்துக்கு லீவு கஷ்டம். நான் வராவிட்டாலும் கோபால் அண்ணன் பார்த்துக்கொள்வார் என்று நீங்களே எழுதியிருந்தீர்கள். கொள்ளி வைத்தவர் அவர். அவரே செய்வதுதான் முறையாகவும் இருக்கும்.

மழைக்காலம். ஈரத்தில் நடக்க வேண்டாம்.

தங்கள் மகன்
தினேஷ்குமார்

*

திருமுக்கூடல்
17.12.2024

மகன் தினேஷ்குமாருக்கு,

நான் நலம் என்பதை எழுதிவிட்டு மற்றதை எழுதச் சொல்லியிருக்கிறேன்.

உன் கடிதத்தை தமிழ்ச்செல்வி அம்மா படித்துக்கொண்டு வந்தார்கள். "நான் வராவிட்டாலும் என்று நீங்களே எழுதியிருந்தீர்கள்" என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னேன். நான் அப்படிச் சொல்லவில்லை. என் வாயில் வந்தது இது: "நீ வரங்காட்டியும் அவன் பாத்துக்குவான்." அன்றைக்குத் தபால் வண்டிக்காரன் வந்து ஆரன் அடித்துக்கொண்டிருந்தான், படித்துக் காட்ட நேரமில்லாமல் ஒட்டிவிட்டார்கள்.

அம்மா, "அதைத்தானே ஐயா எழுதியிருக்கேன். வராங்காட்டியும்னா வராவிட்டாலும்தானே?" என்றார்கள்.

"நான் நீட்டலம்மா. வரங்காட்டியும். அவன் வர்ற வரைக்கும்."

"அப்போ வராட்டாலுக்கு என்ன சொல்லுவிய?"

"அதுதான் வராங்காட்டி."

"ரெண்டும் ஒண்ணு மாதிரில்லா கேக்கு."

"உங்களுக்கு அப்பிடித்தாம்மா கேக்கும். அவன் இந்த ஊர்ல பொறந்தவன்."

இதை அப்படியே எழுதச் சொன்னேன், எழுதியிருக்கிறார்கள். நீ வருகிற வரைக்கும்தான் கோபால். ஷிப்ட்டை வேறு யாருக்காவது மாற்றிக்கொடு.
நைனா

(தம்பிக்கு: இந்த ஊர்ப் பேச்சு எனக்கு இன்னும் பிடிபடவில்லை. நல்ல தமிழில் எழுத வேண்டும் என்று நினைத்து இப்படி எழுதிவிட்டேன். ஐயா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் ஒரு மாதிரி இருக்கிறது. மன்னித்துக்கொள்ளவும். தமிழ்ச்செல்வி)

*

திருமுக்கூடல்
20.1.2025

தம்பி தினேஷுக்கு, கோபால் எழுதிக்கொண்டது.

பொங்கல் முடிந்தது. எல்லாரும் நன்றாக இருக்கிறோம். உனக்குப் பொங்கல் உண்டா, இல்லை ரொட்டிதானா?

பெரியப்பாவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். அவர் அந்தக் கடிதத்தைப் போட்டதிலிருந்து தினமும் காலையில் தபாலாபீசில் போய் உட்கார்ந்துவிடுகிறார். தமிழ்ச்செல்வி அம்மா மேசைக்கு அடியில் ஒளியாத குறை. "ஐயா, வந்தா நானே கொண்டாந்து தாரேன்" என்கிறார்கள். "நான் கடுதாசிக்கு வரலம்மா, ஃபேனுக்கு வந்தேன்" என்கிறார். தை மாதத்துக் குளிரில்.

கொள்ளி வைத்தவன் செய்வது முறை என்று எழுதினாயாமே. கேட்டுக்கொள். ஐஸ் பெட்டி கொண்டுவரலாம், நீ வரட்டும் என்று நான்தான் சொன்னேன். வாலாஜாபாத்துக்கு ஆளும் அனுப்பிவிட்டேன். பெரியப்பாதான், "அவனுக்கு இன்னிக்கு பிளேன் இல்லியாம். எத்தினி நேரம் அவள இப்பிடியே போட்டு வெக்கறது. எடுங்கடா" என்றார். அதனால்தான் வைத்தேன். மொட்டையும் போட்டுக்கொண்டேன். அதில் எனக்கு வருத்தம் இல்லை, பெரியம்மா கையால் சாப்பிட்டவன் நான்.

ஆனால் தெவசம் வேறு. எங்கம்மா கேட்கிறாள், "நான் உசிரோட கீறேன்டா. அதுக்குள்ளாற என்னுதுக்கு ஒத்திக பாக்கறியா?" சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். ஆனால் அன்றைக்குத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் போய்ப் படுத்துவிட்டாள்.

வருவியா மாட்டியா, ஒன்றை எழுது. பார்க்கிறேன் என்று எழுதாதே. பெரியப்பா அதை ஊர் முழுக்க, "பாக்கறேன்னு சொல்லிகீறான், பாக்கறேன்னு சொல்லிகீறான்" என்று சொல்லிக்கொண்டு திரிகிறார்.

அண்ணன்
கோபால்

*

பார்மேர் மாவட்டம், கேம்ப்
9.2.2025

நைனாவுக்கு,

எப்படி இருக்கிறீர்கள்? அண்ணன் கடிதம் வந்தது. அவர் எழுதியதற்காக அவரைக் கோபிக்க வேண்டாம்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். தமிழ்ச்செல்வி அம்மா, இதை விடாமல் படியுங்கள்.

திறக்கிற ஷிப்ட்டை யாரும் எனக்குப் போடவில்லை. நானாகக் கேட்டு வாங்கினேன். செப்டம்பரில், உங்கள் முதல் கடிதம் வந்த வாரத்திலேயே. "பார்க்கிறேன் நைனா" என்று எழுதும்போது பெயர் கொடுத்தாகிவிட்டது. அதற்குப் பிறகுதான் அந்த "வராவிட்டாலும்" வந்தது. நீங்கள் அப்படிச் சொல்லியிருக்க மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். நைனா சொன்னது இன்னாவாக இருக்கும் என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்திருந்தால் புரிந்திருக்கும். சொல்லிப் பார்க்கவில்லை. நிம்மதியாக இருந்தது.

அம்மா போனதற்கு மறுநாள் காலையில்தான் நான் வந்தேன். எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். சித்தி என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். எனக்கு வரவில்லை. சுடுகாட்டில் பால் ஊற்றும்போதும் வரவில்லை. பின்னால் யாரோ, "வடக்க போயி மனசு கல்லாப் போச்சி புள்ளைக்கு" என்றார்கள். இங்கே திரும்பி வந்தால் வரும் என்று நினைத்தேன். வந்த அன்றைக்கு மெஸ்ஸில் வரிசையில் நின்று சாப்பிட்டேன். பருப்பு நன்றாக இருக்கிறது என்றுகூட நினைத்தேன். இன்று வரைக்கும் வரவில்லை. எள்ளையும் தண்ணீரையும் கையில் வாங்கிக்கொண்டு, அத்தனை பேருக்கு நடுவில், இந்த முகத்தோடு எப்படி உட்காருவது?

காற்று அழுத்தி முடித்துவிட்டோம். கிணற்றை மூடியாகிவிட்டது. இப்போது ஒரு வேலையும் இல்லை. மீட்டரில் அழுத்தம் எவ்வளவு என்று பார்த்து எழுதுவதுதான். வசந்த்குமார் இதை வாட்ச்மேன் உத்தியோகம் என்கிறான்.

ஒன்றை எழுதச் சொன்னார் அண்ணன். தெவசத்துக்கு நான் வரமாட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.
தினேஷ்

*

திருமுக்கூடல்
10.3.2025
(ஸ்பீட் போஸ்ட்)

மகன் தினேஷ்குமாருக்கு,

நான் இருக்கிறேன். நீயும் உன் கிணறும் பத்திரமாக இருக்க வேண்டும்.

நேற்று தசமி. ராஜாராம ஐயர் வெயிலுக்கு முன்னால் வந்துவிட்டார். ஆற்றங்கரையில் எல்லாம் எடுத்து வைத்தார். கோபால் முழுகிவிட்டு ஈர வேட்டியோடு நின்றான். உன் சித்தி தூரத்தில் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஐயர், "யார் உக்கார்றது, சீக்கிரம்," என்றார்.

"இன்னிக்கு இல்ல சாமி," என்றேன்.

"இல்லன்னா என்ன அர்த்தம்? திதி உமக்காக நிக்குமா?"

"நிக்காது."

"பின்ன?"

"போவட்டும்."

கோபால் வந்து கையைப் பிடித்தான். "பெரியப்பா, பேஜார் பண்ணாத. ஊரே பாக்குது. நான் உக்கார்றேன்."

"நீ போயி வேட்டிய மாத்துடா, சளி புடிக்கும்," என்றேன்.

பங்காளிகள் எல்லாரும் பேசினார்கள். செத்தவளைப் பட்டினி போட்டுவிட்டேன் என்றார்கள். எனக்குப் புத்தி பிசகிவிட்டது என்றார்கள். ஒவ்வொருத்தர் சொன்னதும் ஞாபகம் இருக்கிறது, வேண்டுமானால் வரிசையாகச் சொல்வேன். வாழைக்காயும் பூசணிக்காயும் அரிந்தது அரிந்தபடி கிடந்தது. உன் சித்தி அதை எடுத்துப் போய்ச் சமைத்து எல்லாருக்கும் போட்டாள். எனக்கும் போட்டாள். சாப்பிட்டேன்.

புறப்படும்போது ஐயர் சொன்னார், தவறிப்போன தெவசத்தை அமாவாசையில் கொடுக்கலாமாம். பங்குனி அமாவாசை இருபத்தொன்பதாம் தேதி, சனிக்கிழமை.

நீ அழுகையைப் பற்றி எழுதியிருந்தாய். அந்த இடத்தை மட்டும் மறுபடி படிக்கச் சொன்னேன். நானும் அழவில்லை தினேசு. எடுங்கடா என்று சொன்னவனே நான்தான். அன்றைக்கும் இல்லை, கருமாதிக்கும் இல்லை, இன்னும் இல்லை. அவள் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டு, பந்தல்காரனுக்கு டீ சொன்னார்களா என்று கேட்டேன். கிழவன் அழுதானா என்று ஒருத்தரும் பார்க்கவில்லை. என் மூஞ்சியில் சுருக்கம் அதிகம், பார்த்தாலும் தெரியாது. உன்னுது வழவழ என்று இருக்கிறது, அதனால் பார்த்தார்கள்.

ஆகவே அழுவதற்காக நீ வர வேண்டாம். வந்து உட்கார். எள்ளும் தண்ணியும் விடுவதற்குக் கை இருந்தால் போதும்.

நீ வராமல் போனால் அதையும் ஐயரிடம் நானே சொல்லிக்கொள்கிறேன்.
நைனா

*

பார்மேர் மாவட்டம், கேம்ப்
17.3.2025
(ஸ்பீட் போஸ்ட்)

நைனாவுக்கு,

நன்றாக இருக்கிறேன். ஊரில் பேசுகிறவர்களோடு நீங்கள் மல்லுக்கு நிற்காமல் இருக்கிறீர்களா?

கிணற்றை எட்டாம் தேதி திறந்தோம். முதலில் நாங்கள் விட்ட காற்றுதான் திரும்பி வந்தது. சில நாள் வெறும் காற்று. பிறகு கொஞ்சம் தண்ணீர், அதோடு எண்ணெய். நின்றுபோன கிணற்றுக்கு அது அதிகம். பெரிய ஆபீசர்கள் எதிர்பார்த்ததற்குக் குறைவு. விட்ட காற்றில் ஒரு பங்கு பாறைக்குள்ளேயே தங்கிவிட்டது, அது இனி வராது என்கிறார்கள். வயலை மூடவில்லை. இன்னொரு தடவை அழுத்தப் போகிறார்கள். அதற்கு நான் பெயர் கொடுக்கவில்லை.

உங்கள் கடிதத்தை ஷெட்டில் உட்கார்ந்து படித்தேன். பந்தல்காரனுக்கு டீ சொன்னதைப் படித்தபோது வசந்த்குமார் எதிரில் இருந்தான். "இன்னாண்ணா, ஊர்ல எதுனா விசேஷமா?" என்று கேட்டான். அம்மா தெவசம் என்றேன். அவனிடம் இதுவரை சொன்னதில்லை.

அமாவாசைக்கு முந்தின புதன்கிழமை இங்கே ரயில் ஏறி வெள்ளிக்கிழமை சாயங்காலம் சென்னை. அங்கிருந்து செங்கல்பட்டு பஸ் பிடித்து வந்துவிடுவேன். யாரும் எதிரில் வந்து நிற்க வேண்டாம்.

அண்ணனும் என் பக்கத்தில் உட்காரச் சித்தியிடம் நானே வந்து கேட்டுக்கொள்கிறேன். அண்ணன் ஒதுங்கி நிற்கக் கூடாது. அவர் வைத்த கொள்ளி அவர் வைத்ததுதான், அதை நான் திரும்ப வைக்க முடியாது. எனக்கு எள்ளை எந்த விரலில் விடுவது என்றுகூடத் தெரியாது. பக்கத்தில் ஆள் இருந்தால் பார்த்துப் பார்த்துச் செய்வேன். ஐயரிடம் இரண்டு மணை போடச் சொல்லுங்கள்.

தினேஷ்